முச்சுரப்பிக் குறையும் வாழ்க்கையும்

தமிழிற் 'சுரத்தல்' என்பது ஓர் அழகிய சொல். ஆவின் மடியிற் பால் சுரக்கின்றது. ஆற்று மணலைத் தோண்டிய இடத்தே நீர் சுரக்கின்றது. நல்லோர் நெஞ்சில் அருள் சுரக்கின்றது. கேட்பார் இல்லாதபோதும் உள்ளிருந்து ஊறி வெளிப்படுதலே இச்சொல்லின் கருத்து. உடல் நூலைத் தமிழிற் பெயர்த்தோர் நம் உடலிலுள்ள சில உறுப்புகளுக்குச் 'சுரப்பி' எனப் பெயரிட்டது மிகப் பொருத்தமே. அவற்றுட் சில, உமிழ்நீர்ச் சுரப்பியைப்போலத் தம் நீரைக் குழாய் வழியே செலுத்துவன. வேறு சிலவற்றிற்குக் குழாய் இல்லை; தாம் ஆக்கிய நீரை நேரே இரத்தத்தில் விடுவன. இவையே நாளமில்லாச் சுரப்பிகள். இவை விடும் நீர் ஹார்மோன் எனவும் ஊக்குநீர் எனவும் வழங்கும். இத்தகைய சுரப்பிகளுள் மூன்று ஒருவருக்கு ஒருங்கே பழுதுறுமாயின் அவர் எங்ஙனம் வாழ்கின்றார் என்பதே யாம் ஈண்டு எழுதப் புகுந்த பொருள். தமிழ் பயிலும் மாணவருக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என வினவும் அன்பருக்கு, இம்மூன்றும் எம் குடும்பத்திலேயே உள்ளன என்பதே யாம் தரும் விடை.

அவை இருக்கும் இடங்களை முதலிற் கூறுவோம். கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்தது தைராய்டுச் சுரப்பி. கேடயம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது அப்பெயர். உடல் எவ்வளவு விரைவாக எரிந்து வேலை செய்யவேண்டும் என்பதை வகுப்பது அதன் தொழில். அஃது ஆக்கும் நீருக்கு அயோடின் இன்றியமையாதது. இரண்டாவது, இரைப்பையின் பின்னே படுத்திருக்கும் கணையம். உணவைச் செரிப்பிக்கும் நீரைக் குடலுக்கு விடும் இவ்வுறுப்பினுள்ளே, கடலிடைத் தீவுகள் போன்ற சிறு திட்டுகள் உள. 1869-ஆம் ஆண்டில் லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானியர், தாம் மாணவராயிருந்த காலத்திலேயே இவற்றைக் கண்டு எழுதினார். தீவு என்னும் இலத்தீன் சொல்லினின்றே இன்சுலின் என்னும் பெயர் பிறந்தது. மூன்றாவது, இரு சிறுநீரகங்களின் தலைமேலும் தொப்பி கவிழ்த்தாற்போல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள். ஒவ்வொன்றும் 4 அல்லது 5 கிராம் நிறையே உடையது. இதன் உட்பகுதி விடும் அட்ரினலின் நீரின் பெயரைப் பலரும் அறிவர். பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைக் கையில் வாங்கும்போது நம் நெஞ்சைப் படபடக்கச் செய்வது அஃதே. ஆயினும் உயிரைத் தாங்குவது அஃதன்று. புறப்பகுதி ஓசையின்றி விட்டுக்கொண்டிருக்கும் கார்ட்டிசால், ஆல்டோஸ்டீரோன் என்னும் இரண்டுமே அப்பணியைச் செய்வன. முன்னது இரத்தத்தின் சருக்கரை இறங்காமலும் நோய் வந்தபோது உடல் சாயாமலும் காக்கும். பின்னது உப்பை உடலில் நிறுத்தி இரத்த அழுத்தத்தைத் தாங்கும்.

கம்பம் பள்ளத்தாக்கினருக்கு இச்சுரப்பிகளின் ஆட்சிமுறையை விளக்குதல் எளிது. பென்னிகுயிக் துரை முன்னின்று கட்டி 1895-இல் முடித்த பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த வழியே நம் பக்கம் இறங்குகின்றது. கீழே வயல் காய்கின்றதா நிறைந்துள்ளதா என அறிந்து, மேலே மதகைத் திறக்கவும் அடைக்கவும் ஆணையிடும் அதிகாரி ஒருவர் வேண்டும். நம் தலையினுள், மூளையின் அடியில், பட்டாணி அளவினதாகத் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பியே அவ்வதிகாரி. தைராய்டு நீர் குறையின் 'இன்னும் விடு' என்று அஃது ஆணை அனுப்பும். மிகின் ஆணையைச் சுருக்கும். இரத்தப் பரிசோதனைத் தாளில் டி.எஸ்.எச். என்று அச்சிடப்படுவது அவ்வாணையின் அளவேயன்றித் தைராய்டு நீரின் அளவன்று. 'டி.எஸ்.எச். மிகுந்துவிட்டது, ஆதலால் தைராய்டு மிகுந்துவிட்டது' என்று தாமும் மயங்கிப் பிறரையும் மயக்குவோர் எம் தெருவிற் பலர். உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. வாய்க்கால் இடிந்து வயலுக்கு நீர் வாராதபோதன்றோ அதிகாரி கடிதத்தின்மேற் கடிதம் எழுதுவார்! அட்ரினல் சுரப்பிக்கும் இங்ஙனமே ஏ.சி.டி.எச். என்றோர் ஆணை உண்டு. கணையத் திட்டுகள்மட்டும் அதிகாரியை எதிர்நோக்குவதில்லை; தம்மைத் தழுவிச் செல்லும் இரத்தத்தின் இனிமையைத் தாமே சுவைத்தறிந்து இன்சுலினை விடுவன.

இம்மூன்றனுள் நீரிழிவைப் பற்றி நீள எழுத வேண்டுவதில்லை. அதனை அறியாத வீடு இன்று தமிழ்நாட்டில் இல்லை எனலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பேராய்வு, இந்நாட்டில் நீரிழிவுடையோர் 10.1 கோடி என மதித்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-ஆம் ஆண்டிலேயே டாக்டர் மா. விசுவநாதன் இந்நோய்க்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார் என்பது தமிழர் பெருமையுடன் நினைக்கத்தக்கது. ஒன்றுமட்டும் சொல்லுதல் வேண்டும். நீரிழிவு ஒரே நோயன்று. நம் பெரியோருக்கு நடுவயதில் வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. அதில் இன்சுலின் உளது, ஆனால் உடல் அதற்குச் சரிவர இணங்குவதில்லை. முதல் வகையிலோ உடலின் காவற்படையே கணையத் திட்டுகளைப் பகையென மயங்கி அழித்துவிடுகின்றது. ஊசி மருந்தின்றி உயிர் நில்லாது. மூன்று சுரப்பிகளும் ஒருங்கே கெடுவோருக்கு வருவது பெரும்பாலும் இம்முதல் வகையே. தைராய்டு குன்றுதற்கும் இத்தகைய உட்பகையே பெருங்காரணம். அதனை 1912-இல் ஹாஷிமோட்டோ என்னும் ஜப்பானிய மருத்துவர் விளக்கியெழுதினார். அயோடின் குறைவு மற்றொரு காரணம்.

அட்ரினல் குறைவோ பலரும் கேட்டறியாதது; ஆதலின் அதனைச் சற்று விரித்துரைப்போம். 1855-இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன், தளர்ச்சியும் வயிற்றுக்கோளாறும் உற்று, மேனி கறுத்து, மெல்லத் தேய்ந்து இறந்தவர் சிலரின் உடல்களைச் சோதித்து, அவர்கள் அட்ரினல் சுரப்பிகள் கெட்டிருந்தமையைக் கண்டு நூலெழுதினார். அவருடைய நோயாளிகள் பலருக்கு அச்சுரப்பியைத் தின்றது காசநோய். நம் நாட்டில் இன்றும் அடிசன் நோய்க்கு அஃது ஒரு முக்கிய காரணமாதலின், மருத்துவர்கள் முதலில் அதனைத் தேடிப் பார்க்கின்றனர். மேனி ஏன் கறுக்கின்றது? சுரப்பி விடையளியாதபோது ஏ.சி.டி.எச். ஆணை பன்மடங்காகப் பெருகும். அப்பெருக்கம் தோலின் நிறமூட்டும் அணுக்களையும் தூண்டிவிடும். அதிகாரி எழுதிய கடிதங்களெல்லாம் வேறொருவர் வீட்டிற் குவிந்ததைப்போன்றது இது.

எம் பெரியம்மா அல்லிநகரத்தினர். நாடோறும் பேருந்தேறிப் போடிநாயக்கனூர் சென்று ஏலக்காய் தரம்பிரிக்கும் வேலை செய்துவந்தார். அவருடைய 34-ஆம் வயதில் தளர்ச்சி தொடங்கிற்று. எழுந்து நின்றால் கண் இருண்டது, உடல் மெலிந்தது, கைரேகைகளும் விரற்கணுக்களும் பல்லீறும் கறுத்தன. 'வெயிலில் அலைந்து கறுத்துவிட்டாய்' என்றனர் அயலார். நிழலிலமர்ந்து ஏலக்காய் ஆய்பவருக்கு வெயில் ஏது என்று ஒருவரும் எண்ணவில்லை. உப்பின்மேல் அவருக்குப் பெருவேட்கை எழுந்தது. நார்த்தங்காய் ஊறுகாயைச் சோறின்றியே உண்பார். சில வேளை கல்லுப்பை வாயிலிட்டுக்கொள்வார். இஃது ஆல்டோஸ்டீரோன் இன்றி உப்பு உடலைவிட்டு ஒழுகிய உடலின் முறையீடு என்பதை யார் அறிவார்? 'மசக்கைபோலும்' என்று சிரித்தாள் ஒருத்தி.

அவரைக் கண்ட மருத்துவர் ஒருவர் இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். மிகுந்திருக்கக் கண்டு, தைராய்டு மாத்திரை கொடுத்தார். தாளிற் கண்டதற்கு அது தக்க மருந்தே. ஆயினும் மூன்றாம் வாரத்தில் பெரியம்மா முன்னினும் மெலிந்து, ஓயாது வாந்தியெடுத்து, அரைநினைவோடு மதுரைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே ஒருவர் அவருடைய ஈற்றைப் பார்த்தார். 'உப்பு மிகுதியாக உண்பீர்களோ?' என வினவினார். உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் உப்பு நீரும் செலுத்தினார். மறுநாட் காலையிற் பெரியம்மா எழுந்தமர்ந்து இட்லி கேட்டார். சுரப்பியிற் காசநோய் இல்லை என்பது பின்னர்த் தெளிந்தது, உட்பகையே காரணம். இரண்டாண்டு கழித்து நீரிழிவும் வந்தது. இன்சுலின் ஊசி தொடங்கிற்று. அஃதன்றி, அவர் முன்கையில் ஒரு வெண்புள்ளியும் தோன்றிற்று. அதுவும் இக்குடும்பத்தைச் சேர்ந்த நோயே என மருத்துவர் கூறினார்.

உண்மையில் இஃது ஒரு குடும்பந்தான். 1926-இல் ஷ்மிட் என்னும் ஜெர்மானியர், அட்ரினலும் தைராய்டும் ஒருங்கே கெட்டிருந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1964-இல் அமெரிக்காவில் கார்ப்பென்டரும் அவர் துணைவரும் நீரிழிவும் அவற்றோடு சேர்ந்து வருதலை எடுத்துக்காட்டினர். இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையே இத்துணைக் காலம் கழிந்ததற்கு யாம் கருதும் காரணம் ஒன்றுண்டு: மூன்றும் உடையவர் அதற்கு முன் நெடுநாள் உயிர்வாழ்ந்தாரல்லர். இன்று இஃது 'இரண்டாம் வகைப் பல்சுரப்பித் தன்னெதிர்ப்பு நோய்' எனப்படும். அரிய நோயே, ஆடவரினும் பெண்டிரை மிகுதியாகப் பற்றுவது. பேர்பெற்ற எடுத்துக்காட்டு வேண்டுவோர், 1961 முதல் 1963 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த ஜான் கென்னடியை நினைக்கலாம். 1947-இல் இலண்டனில் அவருக்கு அடிசன் நோய் உள்ளமை கண்டறியப்பட்டது. தைராய்டுக் குறைவும் அவருக்கு இருந்தது. அவர் தங்கை ஒருவருக்கும் அடிசன் நோய் இருந்தது. உலகம் அவரை இளமையும் வலிமையும் நிறைந்தவராக எண்ணிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவர் கார்ட்டிசோன் மாத்திரையால் நின்றவர். மேனியின் நிறத்தை வெயிலுக்கு ஏற்றிச் சொல்வது அல்லிநகரத்தில்மட்டுமன்று, வாஷிங்டனிலும் நடந்தது போலும்!

பெரியம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை ஏன் தீங்காயிற்று? இவ்விடத்தைக் கற்றோரும் அறிந்துகொள்ளல் நன்று. தைராய்டு நீர் உடலின் எரிவை விரைவாக்கும். கார்ட்டிசாலையும் விரைந்து செலவழிப்பிக்கும். அட்ரினல் வற்றிய உடலில் எஞ்சியிருந்த சிறிதளவு கார்ட்டிசாலும் இதனால் தீர்ந்துபோகும். அணையில் அடிமட்ட நீரே நிற்கும் ஆண்டில் பயிரிடும் பரப்பை இரட்டிப்பதற்கு இஃது ஒப்பாகும். ஆதலின் இரண்டும் குறைந்தவருக்கு முதலில் அட்ரினல் மருந்து, பின்னரே தைராய்டு மருந்து என்பது மருத்துவருள் உறுதியான முறை. தைராய்டு மாத்திரை தொடங்கியபின் ஒருவர் தேறாமல் மேலும் சாய்வாராயின், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று வாளா விட்டுவிடாமல், அட்ரினலைப் பற்றி வினவுதல் வேண்டும்.

சருக்கரைக்கும் மற்றிரண்டற்கும் உள்ள உறவும் இத்தகையதே. கார்ட்டிசால் குறையின் இரத்தச் சருக்கரை இறங்கும், மிகின் ஏறும். முன்பு போலவே உண்டு, முன்பு போலவே ஊசி போட்டுவரும் முதல்வகை நீரிழிவினர் ஒருவருக்குக் காரணமின்றி அடிக்கடி சருக்கரை தாழுமாயின், 'நோய் குணமாகின்றது' என மகிழ்வார் பலர். அஃது அட்ரினல் வற்றத் தொடங்கியதன் முன்னறிகுறியாக இருத்தல் கூடும். தைராய்டு குன்றினும் உடம்பிலிட்ட இன்சுலின் மெல்லவே கழியும், சருக்கரை தாழும். ஒரு சுரப்பிக்குரிய மருந்தின் அளவை மாற்றினால் மற்றிரண்டன் கணக்கும் மாறுகின்றது. தராசுத் தட்டு இரண்டாயிருந்தால் எவரும் நிறுத்துவிடலாம். மூன்று தட்டுள்ள தராசைப் பெரியம்மா ஐந்தாம் வகுப்புப் படிப்பைக்கொண்டே நடத்துகின்றார் என்பதை நினைக்கும்போது, ஆனர்ஸ் வகுப்பில் இருக்கும் எமக்கு அடக்கம் வருகின்றது.

இம்மருந்துகள் வந்த வரலாறு சுருக்கமாயினும் சுவையுடையது. 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்னும் இளம் மருத்துவர், தைராய்டு வற்றிய பெண்மணி ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிவழி செலுத்தினார். அவ்வம்மையார் 1919 வரை வாழ்ந்து 74-ஆம் வயதில் இறந்தார். அவரை வாழ்விக்க 870-க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் வேண்டியிருந்தனவாம்! இன்சுலின் முதன்முதல் மனிதருக்குத் தரப்பட்டது 1922 ஜனவரி 11-ஆம் நாள், கனடாவின் டொராண்டோ நகரில், லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு. அன்றைய மருந்து தூய்மை போதாது பயனளிக்கவில்லை; காலிப் என்பவர் தூய்மைப்படுத்தித் தந்ததை 23-ஆம் நாள் செலுத்தியபோது சருக்கரை இறங்கிற்று. பான்டிங் முதலியோர் அதன் உரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திற்கு விற்றுவிட்டனர். கார்ட்டிசோன் நெடுநாட் பிந்தியே வந்தது. அதனை ஆராய்ந்த கெண்டல், ரைக்ஸ்டைன், ஹெஞ்ச் மூவரும் 1950-இல் நோபல் பரிசு பெற்றனர். எம் பாட்டனார் பிறந்த காலத்தில் இந்நோய் மூன்றும் ஒருவருக்கு வந்திருப்பின் அவரைக் காக்க வழியே இருந்திராது.

இனி நாள்தோறும் வாழும் முறைக்கு வருவோம். விடியலில் எழுந்தவுடன் தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் நீரோடு உட்கொள்ளல் வேண்டும். அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே காப்பியும் பலகாரமும். இரும்புச் சத்து, சுண்ணச் சத்து மாத்திரைகள் நான்கு மணி நேரம் விலகியிருத்தல் நலம். அவை தைராய்டு மருந்தைக் குடலிற் பற்றிக்கொள்ளும். காப்பிக்குக் காத்திருக்கும் அவ்வொரு மணியே தமக்கு மிகக் கடினமான தவம் என்பார் பெரியம்மா. அட்ரினல் மாத்திரையின் பெரும்பகுதியைக் காலையிலும் சிறுபகுதியைப் பிற்பகலிலும் கொள்வது முறை. இயற்கையிலும் கார்ட்டிசால் விடியலில் மிகுந்து நள்ளிரவில் தாழ்வது. இன்சுலினைத் தீயும் வெயிலும் அணுகாமல் வைத்தல் வேண்டும். குளிர்பெட்டி இல்லாத வீட்டினர், ஈரமணல் நிரப்பிய பெரிய மண்சட்டியினுள்ளே சிறு மண்கலத்தில் வைத்துக் காக்கின்றனர். சித்திரை வெயிலில் தேனி எங்ஙனம் காயும் என்பதை அறிந்தோர் இவ்வேற்பாட்டின் அருமையை அறிவர்.

கம்பம், போடி, தேவாரம் பக்கங்களிலிருந்து விடியுமுன்னே ஜீப்பில் ஏறிக் கேரள எல்லைக்கப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்டிர் பலர். அவர்களுள் இன்சுலின் போடுவோரும் உளர். ஊசியைப் போட்டுக்கொண்டு, தூக்குவாளிச் சோற்றைத் திறக்க நேரமின்றி மலையேறினால், சருக்கரை தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் தடுமாற்றமும் வரும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் அது தாழ்வு. உடனே மூன்று தேக்கரண்டிச் சருக்கரையை நீரிற் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்தல் வேண்டும். நினைவற்றவர் வாயில் ஒருபோதும் எதனையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழல் அடைபடும். கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கொண்டாடினோம். நீரிழிவினர் அதனைக் கண்ணாற் காண்பதோடு நிறுத்தவேண்டுமென்பதில்லை; அளவறிந்து உணவோடு சேர்த்துக் கணக்கிட்டால் சிறிது உண்ணலாம். தாழ்வு வந்த நேரத்திலோ அதுவே மருந்தாதலும் உண்டு.

உப்பைப் பற்றி ஒரு சொல். ஹிமாசலத்தின் காங்கிராப் பள்ளத்தாக்கில் டாக்டர் வி. இராமலிங்கசாமி முதலியோர் 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சி, அயோடின் சேர்த்த உப்பே கழுத்துக் கழலையைப் பெரிதும் தடுக்கவல்லது என நிறுவிற்று. அதன் பயனாக 1962-இல் நாடளாவிய திட்டம் எழுந்தது. கருவுற்ற தாய்க்கு அயோடின் குறையின் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். இத்துணைக்குப் பின்னும், 2018-19-இல் நடந்த நாடளாவிய கணக்கெடுப்பில் போதிய அயோடின் உள்ள உப்பை உண்ணும் வீடுகள் மிகக் குறைந்திருந்த மாநிலம் தமிழ்நாடே. தூத்துக்குடி உப்பளத்தை அருகில் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இஃது அழகன்று. எனினும் உட்பகையால் கெட்ட தைராய்டை அயோடின் உப்பு மீட்காது. அவர்களுக்கு மாத்திரையே வழி.

காய்ச்சல் வரும் நாளே இவர்களுக்குப் பரீட்சை நாள். நம் உடலில் காய்ச்சல் வந்தால் அட்ரினல் தானே பன்மடங்கு சுரக்கும். அவர்களுக்கோ அதனைக் கையாற் செய்யவேண்டும். மருத்துவர் முன்கூட்டிக் கற்பித்தபடி மாத்திரையை இரண்டு அல்லது மூன்று மடங்காக்கி, காய்ச்சல் தணிந்தபின் பழைய அளவிற்குத் திரும்புதல் வேண்டும். வாந்தி நில்லாது மாத்திரை தங்காவிடில் தாமதமின்றி ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். அஃது உயிர் போகும் நிலை. முதல்வகை நீரிழிவினர், சாப்பிடவில்லையே என்று இன்சுலினை அடியோடு நிறுத்துவதும் இங்ஙனமே கேடு. நம் வீடுகளிற் காய்ச்சலுக்கு முதல் மருந்து 'பட்டினி' என்பதை எண்ணுக.

பட்டினியைச் சொன்னபோது நோன்பும் நினைவுக்கு வருகின்றது. வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரையில் நோன்பிருப்போரும், ரமலானில் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் நோன்பிருப்போரும், தபசு நாட்களில் எம் சபையாரும் உளர். பெரியம்மா பெரிய வெள்ளியன்று முன்பெல்லாம் மாலைவரை நீரும் அருந்தார். நோய் வந்தபின் முதலாண்டு அவர் அதனை விடமுடியாது அழுதார். போதகர் வீட்டிற்கே வந்து, 'உடல் நலமற்றோர்மேல் எச்சமயமும் நோன்பைச் சுமத்துவதில்லை, அம்மா. கஞ்சி குடித்துவிட்டு வாருங்கள்' என்றார். அதன்பின்னும் ஆலயத்தில் அவர் கைப்பையிலுள்ள சருக்கரைப் பொட்டலத்தைத் திறப்பதற்கு வெட்கப்பட்டுத் தூண்மறைவில் அமர்வதை யாம் கண்டிருக்கின்றோம்.

வேறோர் அபாயத்தையும் சொல்லாதிருத்தல் ஆகாது. அட்ரினல் குறைவு உட்பகையாலும் காசநோயாலும் வருவதினும், பிறர் கொடுத்த மாத்திரையாலேயே மிகுதியாக வருகின்றது. மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் பெயரில்லாப் பொட்டலத்திற் கிடைக்கும் சில மாத்திரைகளில் ஸ்டீராய்டு உளது. தின்றவுடன் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் உருண்டு 'தேறிவிட்டாள்' என்பர். சில வாரங்களுக்குமேல் தொடரின், வெளியிலிருந்து வேண்டியது வருகின்றதென்று அதிகாரி ஆணையை நிறுத்திவிட, சொந்தச் சுரப்பி உறங்கிப்போகும். பின்னர் ஒருநாள் பொட்டலத்தைத் திடீரென விட்டால் உடல் அடிசன் நோயாளியின் நிலைக்கு வரும். ஆதலின் நெடுநாள் உண்டவர் தாமே நிறுத்தாது, மருத்துவர் துணையோடு படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். இஃது ஒருபுறமிருக்க, 1998-இல் அமெரிக்காவில் கிளம்பிய 'அட்ரினல் சோர்வு' என்னும் பெயரும் இப்போது இங்கே உலவுகின்றது. சோர்ந்தோரெல்லாருக்கும் சுரப்பி களைத்துவிட்டது எனக் கூறிச் சத்துத்தூள் விற்பதற்கு அது நன்கு பயன்படுகின்றது. அப்படியொரு நோய் உளது என்பதற்குச் சான்றில்லை எனச் சுரப்பியியல் வல்லுநர் சங்கங்கள் தெளிவாய்க் கூறியுள்ளன. சோர்வு பொய்யன்று, அதற்கு இட்ட பெயரே பொய். உண்மைக் குறைவை அதிகாலை இரத்தத்திலுள்ள கார்ட்டிசால் அளவைக்கொண்டு சோதித்தறியத் தொடங்கலாம்.

2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால், சருக்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கு வருகின்றன. எம் தெருவிற்கு வரும் பணியாளரான சகோதரியார் பெரியம்மாவின் மற்ற மாத்திரைகளின் பெயரையும் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அவர் கேட்டதற்குக் காரணம், ஒருகால் பெரியம்மா தெருவில் விழுந்தால் தூக்குவோருக்குச் சொல்லவேண்டும் என்பதே. அதுமுதல் பெரியம்மா ஒரு கெட்டி அட்டையைப் பையில் வைத்திருக்கின்றார். 'எனக்கு அட்ரினல் சுரப்பி வேலை செய்யாது. நாளும் ஸ்டீராய்டு மாத்திரை உண்பவள். நினைவின்றிக் கிடந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி உடனே போடுக. சருக்கரையையும் சோதிக்க' என்பது அதன் வாசகம். அதனை எழுதிக்கொடுத்தவர் யாமே. எழுத்து அழகாயில்லை என்று அவர் ஒருமுறை திரும்ப எழுதுவித்தார். குமுளிக்கு அப்பால் திருமணம் ஒன்றிற்குப் போகவேண்டியிருந்த வைகாசியில், எம் வகுப்புத் தோழராகிய மலையாள மாணவர் ஒருவரைக்கொண்டு அட்டையின் மறுபுறத்தில் அதனையே மலையாளத்திலும் எழுதுவித்தோம்.